ரஹீமின் கல்லறைக் குவிமாடம் ஏன் பாதி வெள்ளையாக நிற்கிறது?

டெல்லி மதுரா சாலையில் ஹுமாயூன் கல்லறையைத் தாண்டித் தெற்கே போகும்போது இடது கைப்பக்கம் ஒரு பெரிய குவிமாடம் தெரிகிறது; அதன் அடிப்பகுதி மட்டும் வெள்ளைச் சலவைக்கல், மேலே எல்லாம் மங்கிய காரை. அது யாருடையது, தாஜ்மஹாலுக்கு அதுதான் முன்மாதிரி என்கிறார்களே உண்மையா, ஏன் அப்படிப் பாதியில் நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது பாதியில் விடப்பட்ட கட்டிடம் இல்லை. 1598ஐ ஒட்டிக் கட்டி முடித்து, குவிமாடம் முழுக்கச் சலவைக்கல் போர்த்தி, ஒன்றரை நூற்றாண்டு குறையில்லாமல் நின்ற கட்டிடம். 1754 வாக்கில் இன்னொரு பிரபுவின் கல்லறைக்காக அதன் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். இப்போது அடிப்பகுதியில் தெரியும் வெள்ளை, அண்மையில் நடந்த சீரமைப்பில் திரும்ப வைத்தது. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அந்தக் கட்டிடத்துக்கு அநியாயம் செய்ததாகிவிடும். டெல்லியின் முகலாயக் கல்லறைகளில் என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அங்கே புதைக்கப்பட்டிருப்பவர் அப்துர் ரஹீம் கான்-இ-கானான். வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் ஈரடிப் பாடல்களை எழுதிய அதே ரஹீம். 1556 டிசம்பரில் லாகூரில் பிறந்தார். அப்பா பைராம் கான், ஹுமாயூனின் தளபதி. 13 வயதில் அரியணை ஏறிய அக்பருக்குப் பதிலாக ஆட்சியை நடத்தியவர். அம்மா மேவாத் பகுதிப் பிரபு குடும்பத்துப் பெண். 1561இல் மெக்காவுக்குப் புறப்பட்ட பைராம் கானை வழியில், குஜராத்தின் பாட்டன் நகரில், கொன்றுவிட்டார்கள். அப்போது ரஹீமுக்கு நாலு வயது. அக்பர் பிள்ளையைத் தன் அரண்மனைக்கு வரவழைத்து வளர்த்தார். பைராம் கானின் இன்னொரு மனைவி சலீமா சுல்தான் பேகத்தை அக்பரே மணந்துகொண்டதால், ரஹீம் ஒரு வகையில் பாதுஷா வீட்டுப் பிள்ளையாகவே ஆனார்.

வளர்ந்ததும் குஜராத்தில் கலகம் செய்த சுல்தான் முசாபர் ஷாவை 1584இல் சர்கேஜ் என்ற இடத்தில் தோற்கடித்தார். அதற்குப் பரிசாகத்தான் அப்பா தாங்கிய அதே பட்டம், கான்-இ-கானான், கான்களுக்கெல்லாம் தலைவர் என்பது, மகனுக்கும் கிடைத்தது. பிறகு சிந்து, அப்புறம் நெடுங்காலம் தக்காணம். இடையில் 1589இல், துருக்கி மொழியில் இருந்த பாபரின் தன்வரலாற்றைப் பாரசீகத்தில் மொழிபெயர்த்து அக்பரிடம் கொடுத்தார். வாளையும் எழுதுகோலையும் அவர் அளவுக்கு ஒன்றாகக் கையாண்ட முகலாயப் பிரபு வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அந்தக் கல்லறை முதலில் அவருக்காகக் கட்டப்பட்டதே அல்ல. அவருடைய மனைவி மா பானு பேகத்துக்காகக் கட்டப்பட்டது. அந்த அம்மையார் 1598இல் காலமானார். மனைவிக்காக ரஹீம் எழுப்பிய கட்டிடத்தில் ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து அவரும் வந்து சேர்ந்தார். முகலாய இந்தியாவில் ஒரு பெண்ணுக்கென்றே எழுந்த முதல் பெரிய கல்லறை இது என்றுதான் சீரமைத்த ஆகா கான் அறக்கட்டளை இதை அறிமுகப்படுத்துகிறது. "கான்-இ-கானான் கல்லறை" என்றே எல்லாப் பலகையிலும் எழுதிவிடுவதால், வந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு மா பானுவின் பெயர் காதில்கூட விழுவதில்லை. எனக்கு அதில் தீராத மனக்குறை உண்டு.

மா பானு யார் என்று தெரிந்தால், கல்லறை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதும் புரியும். அவருடைய அப்பா அட்கா கான், ஷம்சுத்தீன் முகமது என்பது இயற்பெயர். 1540இல் கன்னோஜில் ஷேர் ஷாவிடம் தோற்று ஓடிய ஹுமாயூனை கங்கைக் கரையில் கை கொடுத்துத் தூக்கிக் காப்பாற்றியவர். அந்த நன்றிக்காக அவர் மனைவி ஜீஜி அனகா குழந்தை அக்பருக்குப் பாலூட்டும் தாய்மாரில் ஒருவராக ஆனார். ஆகவே மா பானுவும், அவர் அண்ணன் மிர்சா அஜீஸ் கோகாவும் அக்பரோடு பால் உறவு கொண்டவர்கள். முகலாயர்கள் பால் உறவை ரத்த உறவுக்குச் சமமாக மதித்தார்கள். 1562இல் அக்பரின் இன்னொரு செவிலித்தாயின் மகனான ஆதம் கான், அட்கா கானை ஆக்ரா கோட்டைக்குள்ளேயே வெட்டிக் கொன்றான். அக்பர் அவனைக் கோட்டைச் சுவரிலிருந்து தள்ளிவிடச் செய்து கொன்றார்.

அட்கா கானுக்கு மகன் அஜீஸ் கோகா 1566-67இல் கட்டிய கல்லறை நிஜாமுத்தீன் தர்காவை ஒட்டிய சந்துகளுக்குள் இருக்கிறது. சிறியது, ஆனால் செம்மணற்கல்லிலும் சலவைக்கல்லிலும் இழைத்த அற்புதம். அஜீஸ் கோகாவின் சொந்தக் கல்லறையும் அருகிலேயேதான். 64 தூண்கள் நிற்பதால் சௌசட் கம்பா என்று பெயர், முழுக்கச் சலவைக்கல். ஆக, அப்பா, அண்ணன், தங்கை மூவரும் நடந்து போகும் தூரத்துக்குள் அடங்கியிருக்கிறார்கள். 1325இல் மறைந்த சூஃபி மகான் நிஜாமுத்தீன் அவுலியாவின் அருகில் புதைக்கப்படுவதைப் பெரும் பேறாகக் கருதியதால்தான் அந்தப் பகுதியில் இத்தனை கல்லறைகள். ஹுமாயூனின் கல்லறை அங்கே அமைந்ததற்கும் அது ஒரு காரணம். அந்தக் காலத்தில் யமுனை இன்றைக்கு இருப்பதைவிட மேற்கே தள்ளி ஓடியது. ஆக்ராவிலிருந்து டெல்லிக்கு வரும் ராஜபாட்டையும் இந்த வழிதான். டெல்லிக்குள் நுழைகிற எவர் கண்ணிலும் முதலில் படுகிற இடத்தில் ரஹீம் தன் மனைவியின் கல்லறையை வைத்தார்.

இனி கட்டிடம். உயரமான, அகன்ற ஒரு மேடை. அதன் நாலு பக்கமும் கமான் வைத்த சிறு அறைகள் வரிசையாக ஓடுகின்றன. மேடைக்கு மேலே இரண்டு அடுக்குச் சதுரக் கட்டிடம். ஒவ்வொரு முகத்திலும் நடுவில் உயர்ந்து, ஆழமாக உள்வாங்கிய ஒரு பெரிய கமான். அதன் இரு பக்கத்திலும் மேலும் கீழுமாகச் சின்னக் கமான்கள், இவற்றுக்கு ஆழம் குறைவு. கூரையின் மூலைகளில் தூண் தாங்கிய சிறு சத்திரிகள், நடுவில் உயர்ந்த கழுத்தின் மேல் பெரிய குவிமாடம். சுவர்களுக்குச் செம்மணற்கல், கோடுகளுக்கும் பட்டைகளுக்கும் வெளிர் கற்கள், குவிமாடத்துக்குச் சலவைக்கல். இந்த வண்ணச் சேர்க்கையை ரஹீம் பக்கத்திலேயே நிற்கும் ஹுமாயூன் கல்லறையிலிருந்துதான் எடுத்தார். அது எழுந்து அப்போது 30 ஆண்டுகூட ஆகவில்லை.

குவிமாடம் இரட்டை ஓடு கொண்டது. வெளியே தெரியும் ஓடு உயரமாக, தூரத்திலிருந்து பார்க்கிறவருக்காக. உள்ளே நிற்பவர் பார்ப்பது அதற்குக் கீழே தாழ்வாக அமைந்த இன்னொரு ஓடு. ஒரே ஓடாகக் கட்டினால் ஒன்று வெளியே குட்டையாகத் தெரியும், இல்லையென்றால் உள்ளே நிமிர்ந்து பார்க்கிறவருக்குக் கிணற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தது போலத் தோன்றும். பாரசீகத்திலும் சமர்கந்திலும் முதிர்ந்த இந்த உத்தியைப் பெரிய அளவில் டெல்லியில் நிலைநாட்டியது ஹுமாயூன் கல்லறை.

உள்ளே போனால் அண்ணாந்து பாருங்கள். விதானங்களில் சுதை வேலை. சுண்ணாம்புக் காரையைப் பூசி, அதைக் கீறிச் செதுக்கி, வண்ணம் தீட்டி எடுத்த கோலங்கள்: நட்சத்திரங்கள், பின்னல்கள், பூக்கள். பிற்காலத்தில் பூசிய வெள்ளையும் சிமென்ட்டும் மூடிக் கிடந்த பலவற்றைச் சீரமைப்பின்போதுதான் சுரண்டி வெளியே கொண்டுவந்தார்கள். கட்டிடத்தின் அலங்காரத்தில் ஸ்வஸ்திகமும் மயிலும் இருப்பதைப் பார்த்துப் பலர் வியக்கிறார்கள். பிரஜ் மொழியிலும் சமஸ்கிருதத்திலும் கவிதை எழுதி, கிருஷ்ணனைப் பாடிய மனிதர் கட்டியது என்று தெரிந்தவருக்கு அதில் வியப்பு இருக்காது. வேலை செய்த சிற்பிகளும் இந்த மண்ணின் சிற்பிகள்தானே.

மேல்தளத்தில் தெரிவது அடையாளக் கல் மட்டுமே. முகலாயக் கல்லறைகளின் வழக்கப்படி உடல் கீழே, மேடைக்குள் இருக்கும் நிலவறையில் கிடக்கும்.

தாஜ்மஹால் விஷயத்துக்கு வருகிறேன். கட்டிடக்கலை வரலாறு எழுதியவர்கள் ஹுமாயூன் கல்லறைக்கும் தாஜுக்கும் நடுவே இதை வைப்பது சரியென்றே நினைக்கிறேன். ஹுமாயூன் கல்லறை நான்கு எண்கோணக் கட்டிடங்களை மூலைகளில் நிறுத்தி நடுவில் இணைத்தது போல இருக்கும். அதன் முகப்பு உள்ளும் வெளியுமாக மடிந்து மடிந்து போகும். ரஹீம் அந்த மடிப்புகளை எடுத்துவிட்டு ஒரே கனமாகச் சேர்த்தார். நடுவில் ஒரு பெரிய கமான், பக்கத்துக்கு இரண்டடுக்குச் சின்னக் கமான், மேலே குவிமாடம், சுற்றிலும் சத்திரி: தாஜின் முகத்தை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள், இதே வாய்பாடுதான்.

ஆனால் "தாஜ் இதைப் பார்த்து அடித்த நகல்" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாஜுக்கு நாலு பக்கமும் நிற்கும் மினார்கள் ரஹீமின் கல்லறையில் இல்லை. வெள்ளை மினார்களைச் சிக்கந்தராவில் அக்பர் கல்லறையின் வாயிலில் 1613இலேயே பார்க்கலாம். சலவைக்கல்லில் வண்ணக் கற்களை இழைக்கும் வேலை, நூர்ஜகான் தன் தந்தை இதிமாத்-உத்-தௌலாவுக்கு 1622இலிருந்து 1628 வரை ஆக்ராவில் கட்டிய கல்லறையில் உச்சத்தைத் தொட்டுவிட்டது. கல்லறையைத் தோட்டத்தின் நடுவில் வைக்காமல் ஆற்றோரமாகத் தள்ளி வைத்தது ஷாஜகானின் சிற்பிகள் செய்த துணிச்சல். தாஜுக்குப் பல பாட்டன்மார் உண்டு. ரஹீமின் கல்லறை அவர்களில் ஒருவர்.

அந்த உறவு வெறும் வடிவ ஒற்றுமையோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரஹீம் தக்காணத்தில் நெடுங்காலம் தங்கியிருந்தது புர்ஹான்பூரில். அங்கே அவருடைய மூத்த மகன் ஷாநவாஸ் கானின் மகளை 1617இல் இளவரசர் குர்ரம், அதாவது பின்னாளைய ஷாஜகான், மணந்தார். ஆக ரஹீம் ஷாஜகானுக்குப் பாட்டனார் முறை. 1631 ஜூனில் மும்தாஜ் மறைந்ததும் அதே புர்ஹான்பூரில்தான். தப்தி ஆற்றின் மறுகரையில் ஒரு தோட்டத்தில் முதலில் புதைத்து, பிறகே ஆக்ராவுக்குக் கொண்டுபோனார்கள். மனைவிக்காக ஒரு பெரிய கல்லறை எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் ஷாஜகானுக்கு எங்கிருந்தோ வானத்திலிருந்து இறங்கவில்லை. தன் குடும்பத்துக்குள்ளேயே ஒருவர் 30 ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்திருந்தார், அதுவும் ராஜபாட்டை ஓரத்தில். ஷாஜகான் கண்ணில் அது படாமல் இருந்திருக்க வழியே இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த உறவே ரஹீமின் முதுமையைச் சிதைத்தது. 1622 முதல் குர்ரம் தந்தை ஜஹாங்கீரை எதிர்த்துக் கலகம் செய்தபோது, ரஹீமும் மகன் தாராப் கானும் குர்ரம் பக்கம் சாய்ந்தார்கள். ரஹீம் சிறைப்பட்டார், பட்டம் பறிபோனது. தாராப் கானின் தலையை வெட்டித் தந்தைக்கே அனுப்பினார்கள். டெல்லியில் கூனி தர்வாசா என்ற பழைய வாயிலில் ரஹீமின் இரண்டு மகன்களை ஜஹாங்கீர் கொன்று போட்டார் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை நம்பாதீர்கள். ஷாநவாஸ் கான் 1619இலேயே குடியால் உடல் கெட்டு இறந்தார். இன்னொரு மகன் ரஹ்மான் தாதும் அதையொட்டியே மறைந்தார். தாராப் கானின் உயிரை எடுத்தது ஜஹாங்கீரின் தளபதி மகாபத் கானின் முகாமில். பிறகு ஜஹாங்கீர் மனம் மாறி ரஹீமை மன்னித்து, பட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார். மகாபத் கானே பாதுஷாவுக்கு எதிராகக் கிளம்பியபோது அவனை அடக்கும் பொறுப்பையும் ரஹீமிடம்தான் ஒப்படைத்தார்கள். அதற்குள் உடல் ஓய்ந்துவிட்டது. 1627இல் டெல்லியில் உயிர் பிரிந்தது. மனைவியின் அருகில் வைத்தார்கள்.

கல்லறையை உரித்த கதை இதற்கு 127 ஆண்டுகள் பிந்தியது. அவத் நவாபும் முகலாயப் பேரரசின் வசீருமாக, அதாவது முதலமைச்சருமாக, இருந்த சப்தர்ஜங், 1753இல் உள்நாட்டுச் சண்டையில் பதவி இழந்து, 1754 அக்டோபரில் இறந்தார். மகன் ஷுஜா-உத்-தௌலா அவருக்கு டெல்லியில் ஒரு கல்லறை கட்ட விரும்பினார். பிலால் முகமது என்ற அபிசீனியரின் மேற்பார்வையில், 3 லட்ச ரூபாய் செலவில் எழுந்தது என்பார்கள். 1739இல் நாதிர் ஷா சூறையாடிய டெல்லி அது. பேரரசின் கை சுருங்கிவிட்டது. ராஜஸ்தானத்துச் சுரங்கத்திலிருந்து வண்டி வண்டியாகச் சலவைக்கல் இறக்கும் காலம் போயேவிட்டது. அருகில் கேட்பாரற்றுக் கிடந்தது ரஹீமின் கல்லறை. அதன் சலவைக்கல்லையும் மணற்கல்லையும் பெயர்த்து எடுத்துப் புதிய கல்லறைக்குப் பயன்படுத்தினார்கள். சப்தர்ஜங் கல்லறையில் கல் தீர்ந்துபோன இடங்களைச் சுதை வேலை நிரப்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும். அதையும் நான் வெறுக்கவில்லை. அதன் சுதை அலங்காரம் தனி அழகு. ஆனால் மாண்டவர் ஒருவரின் போர்வையை எடுத்து மாண்ட இன்னொருவருக்குப் போர்த்தியது மனதை உறுத்துகிறது.

கல்லை உரித்தால் அழகு மட்டுமே போகும் என்று நினைக்கலாம். அப்படி இல்லை. முகலாயச் சுவர் என்பது உள்ளே கரடுமுரடான கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கெட்டியாக நிரப்பி, வெளியே செதுக்கிய கல்லை ஒட்டியது. அந்த வெளிக்கற்களில் பல, சுவருக்குள் ஆழமாக நீட்டிச் சொருகப்பட்டிருக்கும்; உடையும் அதுதான், தாங்கலும் அதுதான். அவற்றைப் பிடுங்கியதும் உள்ளிருக்கும் சாந்து வெயிலுக்கும் மழைக்கும் நேரடியாக ஆளாகிறது. தண்ணீர் இறங்கி, சுண்ணாம்பு கரைந்து, விரிசல் விட்டு, செடி வேர் பிடித்து, 260 மழைக்காலம் அது அப்படியே கிடந்தது. சுற்றியிருந்த தோட்டமும் பின்னாளில் சாலைக்கும் குடியிருப்புக்கும் நடுவே சுருங்கிவிட்டது.

2014இல் இந்தியத் தொல்லியல் துறையோடு சேர்ந்து ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை வேலையைத் தொடங்கியது. இண்டிகோ விமானங்களை இயக்கும் இன்டர்குளோப் குழுமத்தின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. 2020 டிசம்பரில் மக்களுக்குத் திறந்தார்கள். கல் தச்சர்களும் சுதைக் கொத்தனார்களும் சேர்ந்து சுமார் 1,75,000 ஆள்நாள் உழைத்திருக்கிறார்கள். சிமென்ட்டை அகற்றிச் சுண்ணாம்பு, இயந்திரம் இழைத்த கல்லை விட்டுக் கையுளி என்று போனது வேலை. முகப்பில் பெயர்த்தெடுத்த இடங்களில் கட்டிடத்தின் பலத்துக்குத் தேவையான கற்களைப் புதிதாகச் செதுக்கிப் பொருத்தினார்கள்.

குவிமாடத்தில்தான் வாதம் எழுந்தது. முழுவதும் சலவைக்கல் போர்த்தினால் 1598இல் ரஹீம் பார்த்தது நமக்கும் கிடைக்கும். ஆனால் 1754இல் நடந்தது துடைக்கப்பட்டுவிடும். கொள்ளைபோனதும் இந்தக் கட்டிடத்தின் வரலாறுதானே. ஒன்றும் செய்யாமல் விட்டால், மேலே ஒருகாலத்தில் வெள்ளைக் கல் இருந்தது என்பதே வருகிறவருக்குத் தெரியாது. கடைசியில் அடிப்பகுதிக்கு மட்டும் சலவைக்கல் வைத்து நிறுத்திக்கொண்டார்கள். பார்க்க ஒட்டவில்லை என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த முடிவு முழுச் சம்மதம். உங்களை இந்தக் கேள்வியைக் கேட்க வைத்ததே அந்த ஒட்டாத வெள்ளைதான் இல்லையா?

போய்ப் பார்ப்பதாக இருந்தால் ஒரு யோசனை. திருக்குறள் எக்ஸ்பிரஸிலோ சம்பர்க் கிராந்தியிலோ நிஜாமுதீனில் இறங்குகிறவர்களுக்கு இது கூப்பிடு தூரம், ஆட்டோவே தேவைப்படாது. காலையில் முதலில் தர்காவுக்குப் பக்கத்தில் அட்கா கான் கல்லறையைப் பாருங்கள், அப்புறம் சௌசட் கம்பா. பிறகு சாலையைக் கடந்து ரஹீமிடம் வாருங்கள். மேடையை ஒரு சுற்றுச் சுற்றி, எந்தக் கல் பழையது, எது புதியது என்று பிரித்துப் பாருங்கள். பழையதில் முனைகள் மழுங்கியிருக்கும், நிறம் ஆழ்ந்திருக்கும். வெயில் சாய்ந்ததும் சப்தர்ஜங் கல்லறைக்குப் போங்கள். அங்கே சலவைக்கல் பட்டைகளைப் பார்க்கும்போது, அவற்றில் பல முதலில் மா பானு பேகத்துக்காக இழைத்தவை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.